இடது கையில் ஒரு டிக்கெட்

1993 ஆகஸ்டிலிருந்து பதினோரு வருடம் டெய்சியால் வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. வாசலைத் தாண்டத்தான் செய்வாள். ஆனால் மூன்றாவது அடி எப்போதும் கூடத்துக்குள்ளேயே விழும், மாமனாரின் சவப்பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து நன்மை அப்பம் கொடுத்தார். கணவர் கிறிஸ்துராஜுக்குப் பெரிய வருத்தமில்லை. சோறு நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

மாமனார் இறந்த காலையில் அவள் இனி திரும்புவதில்லை என்று அம்மா வீட்டுக்குக் கிளம்பி, நிலக்கோட்டை பஸ்ஸில் டிக்கெட்டும் வாங்கி உட்கார்ந்திருந்தாள். பஸ் நகருமுன் கொழுந்தன் பிராங்கிளின் ஓடிவந்தான். "மதினி, அப்பா போயிட்டாரு. இறங்குங்க." சாவு வீட்டோடு வழக்காட முடியுமா? இறங்கினாள். கோயிலுக்குத் தூக்குமுன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று போட்டோ எடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். டெய்சியும் நின்றாள். மூடிய இடது கைக்குள்ளிருந்து டிக்கெட்டின் நுனி, நகத்தளவுக்கு, வெளியே தெரிந்தது.

கூடத்தில் மாட்டிய அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். மின் மீட்டர் பார்க்க வந்தவர்கூட அழுதுவிட்டுத்தான் எண்ணைக் குறித்தார். மாமனாருக்காக அல்ல, அவர் கண்ணை மூடியதில் பலருக்கு நிம்மதிதான். பால்காரர் சடையாண்டி கதை ஒன்றும் தெரியாமலே, "பாவம், எங்கயோ கிளம்புன புள்ள" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துராஜுக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பன் பெட்டியில கிடக்காரு, இவ கையப் பாத்து அழுகுறாய்ங்க."

2004இல் ஜெகபர் அலியின் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கிறிஸ்துராஜ் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அந்தத் தாள மட்டும் அழிச்சிருங்க பாய்."

"அத எடுத்துட்டா இந்தப் படத்துல என்ன சார் இருக்கு?"

"அழிங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் மனிதர். ஸ்டுடியோவில் டிக்கெட் அழிந்த நிமிடம், அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த டெய்சியின் இடது கையில் ஏதோ உறுத்தியது. விரித்தாள். டிக்கெட், அன்றைய வியர்வை ஈரத்தோடு. பதினோரு வருடமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. அடுப்பை அணைத்தாள். மூன்றாவது அடி தெருவில் விழுந்தது.

நிலக்கோட்டை பஸ் கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்பப் பழசா இருக்கேம்மா."

"நடுவுல இறங்கச் சொல்லிட்டாங்க."

"சரி, உக்காருங்க" என்று விசிலை ஊதினார்.

படம் இன்னும் அதே கூடத்தில் தொங்குகிறது. மற்ற எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் மட்டும் காலி. வருகிறவர்கள் யாரும் இப்போது அழுவதில்லை. கிறிஸ்துராஜ் மட்டும் தினமும் சாப்பிட உட்காருமுன் அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் செத்த நேரம் அழுகிறார்.