தூங்குமூஞ்சியின் சம்பளம்

...அதுவும் இந்தச் சோபாவில், உட்கார்ந்தால் ஆளை இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொள்கிற இந்தச் சாம்பல் நிறச் சோபாவில், பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதிப் பேச்சில், வாயைத் திறந்தபடி தூங்கிப்போகிறான் என்றால் இவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும், இல்லை, கொழுப்பு என்று சொல்ல முடியாது, இளைத்துத்தான் போயிருக்கிறான், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, ஆனால் இளைத்தவன் வீட்டில்தானே இந்தச் சோபா இருக்கிறது, தொப்பை போட்டவன் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும், உட்கார்ந்தால் ஊரைக் கூட்டுகிற ஒரு கட்டிலும்தானே... அவன் எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, மனைவியின் தங்கை புருஷன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவும் தங்கையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜன்னல் திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள், இந்த வீட்டு ஜன்னலுக்குத்தான், அவன் வீட்டு ஜன்னலுக்குப் பழைய போர்வை போதும். "நாங்க வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சு வைங்க மாமா" என்று கொழுந்தியாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சகலை வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கில் இன்னொரு மெக்கானிக் இடம் காலியாகியிருக்கிறது, இவனே மேலிடத்தில் சொல்லியும் வைத்துவிட்டான், அவன் இப்போது வாங்குவதைப்போல் இரண்டு பங்குச் சம்பளம், அதற்கு மேலும் கொஞ்சம், வருகிறேனா, வரவில்லையா, இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். "நல்லா யோசிச்சே சொல்லுங்கண்ணே, ஆனா எங்க மேனேஜர் இருக்காரே, அவரு நாளைக்கு..." என்று ஆரம்பித்தவன்தான், நாளைக்கு என்ன என்பதற்குள் கண் சொருகிவிட்டது.

தூங்குமூஞ்சி. பட்டறையில் இந்தப் பெயரை வைத்ததே அவன்தான். பழுதான ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நிற்கிற பட்டறை, அவன் இன்றைக்கும் வேலை பார்க்கிற அதே பட்டறை, அங்கே இவன் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது, தெரிந்த ஒரே வேலை தூக்கம், நின்றால் தூங்குவான், சாய்ந்தால் தூங்குவான், ஒரு நாள் பெரிய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டான், பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து முதலாளி வருகிறார், எங்கேடா அந்தப் பையன் என்கிறார், அவன் நகர்ந்துபோய் அந்தப் பாதங்களை மறைத்து நின்றுகொண்டு, "செப்புக் குழாய் வாங்க அனுப்பியிருக்கேன் சார்" என்று கூசாமல் புளுகினான். முதலாளி போகிறவரை பெட்டிக்குள்ளிருந்து குறட்டை. அவர் போன பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானே, எழுப்பவே இல்லையே, சாயங்காலம்வரை தூங்கவிட்டானே... அப்படிப்பட்டவனைத்தான் கொழுந்தியாளுக்கு மாப்பிள்ளை என்று கொண்டுபோய் நிறுத்தினான். "பையன் நாலு காசு சம்பாதிப்பானா?" என்று மாமியார் இழுத்தபோது, "நான் இருக்கேன்ல அத்தை, பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், இதோ, எதிரில் உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல்.

பொறாமை என்று தனக்குள் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது, வேறு எந்தப் பெயரைச் சொல்ல, வயிறு எரிகிறது, அவ்வளவுதான். வந்ததும் வராததுமாகத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், இவர்களுடைய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் ஓர ரப்பரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், தொழில் பழக்கம், எங்கேயாவது குளிர் கசிகிறதா என்று, கசியவில்லை, காதை ஒட்டவைத்துக் கேட்டான், கம்ப்ரசர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, ஒரு உறுமல், ஒரு சின்னக் கடகடப்பு இருந்திருந்தால், "என்னப்பா, இதைக் கவனிக்கறதில்லையா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான், அதற்கும் வழியில்லை. அவன் மகள் வேறு, இந்த வீட்டு உள் அறையில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை கைகளை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள், எதிலும் இடிக்காமல், அது ஒரு விளையாட்டா, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவள் அம்மா முகத்தை ஏன் அப்படித் திருப்பிக்கொண்டாள்? காலையில் கிளம்பும்போது, "நான் ஒண்ணும் சொல்லலைங்க, உங்க இஷ்டம்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்த வீட்டுக்கு வந்துபோகிற ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், கேட்டால் தலைவலி என்பாள், வீடு வந்து சேர்ந்ததும் போய்விடுகிற தலைவலி.

ஆனால் ஆறு மணி இருக்கிறதே, அதை யார் கொடுப்பார்கள்... "சம்பளம் கம்மிதான், ஆனா ஆறு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன், அதுக்கு எவன் விலை போடுவான்?" என்று போகிற இடமெல்லாம் சொல்லுவான், சொல்லிச் சொல்லி அது அவனுக்கு ஒரு சொத்துமாதிரி ஆகிவிட்டது, மனைவியே அதை அவன் சொல்வதற்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவாள். சரி, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறான்? டீயைக் கையில் வைத்துக்கொண்டு இவன் சம்பளத்தைக் கணக்குப் போடுகிறான். ஓவர்டைம் எவ்வளவு வரும், வீட்டுக் கடன் போக மிச்சம் எவ்வளவு நிற்கும், இந்த வருஷம் உயர்த்தியிருப்பார்களா... போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தி, "இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்கப்பா பாப்போம்" என்றாள். கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்தான். "நீங்க கேக்கவே இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். அப்படியானால் அந்த ஆறு மணியை யாருக்காகக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறான்? இல்லை, இந்தப் பக்கம் யோசிக்கக் கூடாது, யோசித்தால் சரி என்று தலையாட்ட வேண்டியிருக்கும், தலையாட்டினால் இவன் தயவில் வேலை, நாளைக்கு நாலு பேர் முன்னால் இவன் சொல்லித்தர அவன் கேட்டுக்கொள்ள வேண்டும், எவன் சொல்லித்தர, தனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், பாதம் இரண்டும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தவன்.

ஃபோன் நழுவிக்கொண்டிருந்தது. சகலையின் வலது கையில் இருந்த கறுப்பு ஃபோன், கம்பெனி கொடுத்தது, சொந்த ஃபோன் வேறு. தூக்கம் ஆழமாக ஆழமாக விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, கீழே பளபளவென்று தரை, விழுந்தால் சுக்குநூறுதான். அவன் எழுந்துபோய், குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் மெதுவாக அதை உருவி, சோபாவின் மறுகோடியில் இருந்த மெத்தென்ற தலையணைமேல் வைத்தான். நல்ல எண்ணம்தான். விரல்கள் மட்டும் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்தே கிடந்தன. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்... அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அல்லது உருவும்போதே ஞாபகம் இருந்ததா, சாப்பிடும்போது இவன் சொன்னானே: "எந்த ரூம்ல குளிர் குறைஞ்சாலும் இதுலதான் வரும்ணே. எடுக்கலைன்னா தானா அடுத்த ஆளுக்குப் போயிடும், நம்ம பேர்ல ஒரு சிவப்புக் குறி விழும். மூணு சிவப்பு விழுந்தா கிரேடு இறக்கிடுவாங்க. நான் ரெண்டு வாங்கியாச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தான், பெரிய சாதனைபோல. "குழந்தை முழிச்சுக்குதுன்னு சத்தத்த அடைச்சு வச்சிருக்கேன். கையில புடிச்சுக்கிட்டே தூங்கிடுவேன், அது உதறினா முழிப்பு வந்துரும்." "ஆமா, என் கையப் புடிச்சுக்கிட்டுத் தூங்கின காலமெல்லாம் போச்சு" என்று கொழுந்தியாள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அப்போதுகூட அவனுக்குத் தோன்றியது இந்தத் தட்டு நல்ல கனம், ஒரு ஜோடி என்ன விலை இருக்கும் என்பதுதான்.

எழுந்து ஃபோனை அந்தக் கையில் திரும்ப வைத்துவிடலாம். வைக்க வேண்டியதுதானே, என்ன கஷ்டம், நாலு எட்டு... விரலைத் தொட்டால் விழித்துக்கொள்வான், பாவம், எவ்வளவு நாள் தூக்கமோ, கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருக்கிறது, இந்த மூஞ்சியா தூங்குமூஞ்சி, ஊருக்கே தூக்கத்தை வாரி வழங்குகிறமாதிரி இருந்தவன், இப்போது ஒரு மத்தியானத் தூக்கத்துக்கு... தூங்கட்டும். அடிக்கவா போகிறது. ஞாயிற்றுக்கிழமை. அவன் அப்படி நினைத்து முடிப்பதற்குள் தலையணைமேல் அது உதற ஆரம்பித்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, பழைய கம்ப்ரசர் ஒன்று தூரத்தில் கிளம்ப முயல்வதுபோல ஒரு முனகல், திரையில் வெளிச்சம், அவன் காதுக்கு மட்டும் நன்றாகக் கேட்டது, இப்படிப்பட்ட முனகல்களைக் கேட்டே பிழைக்கிறவன் அவன். எழுப்பு. கூப்பிடு, ஒரு குரல் போதும். பாவம், தூங்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம். இவன் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுக்கப் போகிறான், எந்தச் சரக்கும் கெட்டுவிடாது. கிரேடு இறங்கினால் இறங்கட்டுமே, இறங்கினால் எவ்வளவு குறையும், அப்போதும் அவனைவிட மேலேதான் இருப்பான், ஆனால் இந்தச் சோபாவுக்குத் தவணை கட்டத் திணறுவான், திணறட்டும், சே, என்ன புத்தி இது, தூங்கட்டும் பாவம், தூங்கட்டும், இறங்கட்டும்... இரண்டையும் சொன்னது ஒரே குரல்தான், அதுதான் அவனைத் திகைக்கவைத்தது. கைகள் இரண்டும் முழங்கால்மேல் ஒழுங்காக இருந்தன. உதறல் நின்றது. வெளிச்சம் அணைந்தது. எங்கேயோ இன்னொருவன் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துகொண்டிருப்பான். காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிற்றில் ஏதோ ஒரு இடம் மட்டும் குளுகுளுவென்று இருப்பதை அவன் உணர்ந்தான், உணர்ந்ததும் வியர்த்தது.

கதவு திறந்ததும் வீடு முழுக்கப் பிள்ளைகள் சத்தம். சகலை திடுக்கிட்டு எழுந்தான், முதலில் தன் வெறுங்கையைப் பார்த்தான், பிறகு சுற்றிலும், பிறகு தலையணையை. "கீழ விழப் பாத்துச்சு, நான்தான் எடுத்து வச்சேன்" என்றான் அவன், கேட்பதற்கு முன்பே. சகலை ஃபோனை எடுத்துத் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். முகத்திலிருந்து தூக்கமெல்லாம் வடிந்து, அந்த இடத்தில் ஏதோ ஒரு வயது வந்து உட்கார்ந்தது. "நல்லாத் தூங்கிட்டிருந்தே... எழுப்ப மனசு வரல" என்று அவன் சொன்னான், அது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. கத்துவான் என்று எதிர்பார்த்தான், கத்தினால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லண்ணே" என்றான் சகலை, மெதுவாக, ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே. "பகல்ல இவரு தூங்கி எத்தன மாசமாச்சு தெரியுமா, நீங்க காவல் இருந்ததாலதான் மாமா" என்று ஒன்றும் தெரியாமல் கொழுந்தியாள் திரைத்துணி மூட்டையை இறக்கினாள். சகலை சிரிக்கப் பார்த்தான். "அன்னிக்கும் அப்படித்தானே. பொட்டிக்குள்ள நான் தூங்கறேன், அண்ணன் வெளிய நின்னு முதலாளிகிட்ட புளுகுறாரு. அதான்ணே சொல்றேன், நீங்க அங்க வந்துடுங்க. நீங்க பக்கத்துல இருந்தா இந்த ஃபோன உங்க கையில குடுத்துட்டு நான் நிம்மதியாத் தூங்குவேன்." சட்டைப்பைமேல் தட்டிக் காட்டினான்.

மனைவி இன்னும் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையணையைப் பார்த்தாள், சகலையின் சட்டைப்பையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள், கூட வாழ்ந்தவள் பார்க்கிற பார்வை, அதில் கோபம்கூட இல்லை. "என்னங்க, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டாள். வேலையைப் பற்றித்தான் கேட்கிறாள், வேலையைப் பற்றித்தானா? மகள் ஓடிவந்து அவன் மடியில் சாய்ந்து கடையில் பார்த்த எதையோ சொல்ல ஆரம்பித்தாள், மஞ்சள் பூப் போட்ட திரை, இல்லை நீலம், அவன் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தலையை ஆட்டினான், கண்முன்னே நின்றதெல்லாம் அந்த அட்டைப் பெட்டியும் வெளியே நீண்டிருந்த பாதங்களும், அவற்றை மறைத்துக்கொண்டு நின்ற தானும்தான்... அன்றைக்கும் இதைத்தானே செய்தான், எழுப்பவில்லை, அன்றைக்கு அது பாசம், அதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது, எவ்வளவு நல்லவனாக இருந்தான், எவ்வளவு சுலபமாக இருந்தது... சட்டென்று அதுவும் ஞாபகத்துக்கு வந்தது, அன்றைக்கு இவன் சம்பளம் அவன் சம்பளத்தில் பாதி.