அஞ்சலை வளர்த்த வண்டுகள்

எழுதிப் பழகாத கையால் எழுதத் துணிந்தமைக்குப் படிக்கும் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டெல்லாம் கதைக்குரிய பொருளா என்று முகம் சுளிப்பவர்களிடம் இன்னொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காஜா பெராங் கடைத்தெருவில் மாவு விற்றுப் பிழைத்த அஞ்சலையின் வாழ்வைச் சொல்வதென்றால் வண்டைச் சொல்லாமல் தீராது.

அவளுடைய மாவில் பூச்சி இருந்ததாக அதுவரை எவரும் சொன்னதில்லை. இடித்துச் சலித்து, பக்குவமாய் வறுத்து, சூடாறிய பிறகே, வசம்புத் துண்டு முடிந்த துணியோடு தகரத்தில் அடைப்பாள். பக்கத்துக் கடையில் தேவதாஸ் அரிசி விற்றான். இரு கடைக்கும் நடுவே ஒரே சுவர். முன்னால் பொதுவான அஞ்சடி நடைபாதை. காலிச் சாக்கை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பது அந்த வரிசைக் கடைகளின் வழக்கம். உதறி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பதும் அவ்வழக்கத்தில் அடக்கம்.

அந்தத் தீபாவளிக்குத் தகரம் போதாமல், மாவு கட்டிவைக்க அவள் கேட்டு, தேவதாஸ் கொடுத்த சாக்குகள் உதறப்படவில்லை. தையல் மடிப்புகளில் வண்டு குடியிருந்தது. வாங்கியவர்கள் மாவைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டினார்கள்.

"அஞ்சலைக்கா மாவுல முறுக்குச் சுட்டா எள்ளே போட வேணாம்லா. அதுவே நடந்து வந்து சேர்ந்துடும்!" என்று தேவதாஸ் தெருவே கேட்கச் சிரித்தான். மறுவாரம் அவன் கடையிலும் மாவு விற்பனைக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று.

அவள் அழவில்லை. கெட்ட மாவில் ஒரு பங்கை மட்டும் கொட்டாமல், பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்போரம் வைத்தாள். கொல்லத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியாதா? இளஞ்சூடு, கொஞ்சம் ஈரம், நொய்யரிசி என்று வண்டுக்குப் பிடித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து ஊட்டினாள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே தூறல் விழுவதுபோல் சரசரக்கும். அந்த ஓசையில் அவள் நெஞ்சு குளிர்ந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் எந்த நாளில் வரும் என்று அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குத் திரண்டது.

"அக்கா, வரலையா? சுதந்திரம் வருதாம்லா!" என்று தேவதாஸ் கூப்பிட்டான்.

"நீ போய் வாங்கிட்டு வா தம்பி. எனக்கும் ஒரு பிடி கொண்டா."

தெரு ஓய்ந்தது. அவன் தன் கடையின் பின்கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போயிருந்தான். அஞ்சலை உள்ளே சென்று, சாக்கு சாக்காக வாயைப் பிரித்து, டின்னைக் கவிழ்த்தாள்.

"இரவல் வாங்கினதைத் திருப்பிட்டேன்" என்றாள், யாருமில்லாத கடையில்.

சித்திரைக் கடைசியில் அவளுக்கு நல்ல காலம் பிறந்தாற்போலிருந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் வாழ்ந்த சிகப்பி ஆச்சி, மகள் கல்யாணப் பலகாரத்துக்கு மாவு கேட்டு வந்தார்.

"ஒருதரம் கெட்ட பேரு வாங்கிட்டே. இந்தத் தரம் சுத்தமாக் கொடு. ஊருக்கெல்லாம் நானே சொல்றேன்" என்றார்.

போன பெயரை மீட்க அந்த ஒரு வழிதான் இருந்தது. அஞ்சலை உயிரைக் கொடுத்து இடித்தாள்.

ஆச்சி மாவைப் பார்க்க வருவதாகச் சொன்ன அதே நாளில், தேவதாஸ் தன் அரிசியை எல்லாம் தெருவோரம் பாய் விரித்துக் கொட்டினான். வெள்ளை அரிசி கறுத்து நெளிந்தது. அஞ்சலைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாசற்பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டு, முக்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், தரையில் விரித்த வேட்டியில், ஆச்சியின் மாவு ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, அரிசிக்குக் கால் முளைச்சிடுச்சா?"

தேவதாஸ் தன் வாசற்படியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அரிசியைக் கிளறினான். வெயில் ஏறிற்று.

வெயில் வண்டைக் கொல்வதைவிடத் துரத்துவதே அதிகம் என்பது அஞ்சலைக்குத் தெரியாததன்று. துரத்தப்பட்டவை நிழல் தேடும் என்பதும் தெரியும். ஆயினும் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தரையைப் பார்க்கவில்லை. நிழல் அஞ்சடியில் இருந்தது. அங்கே மண்ணெண்ணெய் நாறாத வாசல் அவளுடையதுதான்.

ஆச்சி மூன்று சக்கரத் திரிஷா வண்டியிலிருந்து இறங்கி உள்ளே குனிந்தார். வெள்ளை மாவின்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள்.

"ஆத்தாடி! இது என்னடி கோலம்?"

"ஆச்சி, இது என்னோடது இல்ல, அங்கேயிருந்து..." என்று தேவதாஸின் பாயைக் காட்டினாள்.

"யார் வீட்டு வண்டா இருந்தா எனக்கென்னடி? நடக்கிறது உன் மாவுல." ஆச்சி திரிஷாவில் ஏறிவிட்டார்.

பாயருகே நின்ற தேவதாஸ் அன்று முதல்முறையாக வாய் திறந்தான்: "அக்கா, எள்ளு வந்து சேர்ந்துடுச்சா?"

இழந்தவை: தேவதாஸின் கடையில் பதினோரு சாக்கு அரிசி. அஞ்சலையின் கடையில் கல்யாண மாவு முழுவதும், உள்ளே வைத்திருந்த இரண்டு சாக்குப் பச்சரிசி, ஆச்சியின் வாக்கு, மீண்டு வரவிருந்த பெயர். அந்த வரிசைக் கடைகளில் சாக்கு இரவல் கொடுக்கும் வழக்கம். ஒரு பிஸ்கட் டின்.