பச்சைச் சீட்டு

கற்றுக்கொள்ள வருபவரின் கீபோர்டை நான் தொட மாட்டேன். எவ்வளவு கை அரித்தாலும் சரி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

கனடாவின் வின்னிபெக் நூலகப் பின்னறையில் சனிக்கிழமை மதியங்களில் கூடுகிறோம். அடுத்த பஸ் எப்போது வரும் என்று வாய்விட்டுச் சொல்லும் செயலி எங்களுடையது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். எங்களில் இன்னொருவர் படித்துச் சரி என்றால் செயலிக்கு உள்ளே போகும். எளிய பிழைகள்மேல் ‘புதியவர்களுக்கு’ என்று பச்சைச் சீட்டு ஒட்டி வைப்போம். பழைய ஆட்கள் அதில் கை வைக்கக் கூடாது.

க்வென் ஹராசிம்சுக் அப்படி ஒரு பிழையை எடுத்திருந்தார். வேலை பார்த்த கால் சென்டரை மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் நிரல் எழுதப் படித்தவர். நள்ளிரவுக்குப் பின் வரும் கடைசி பஸ்ஸை, வருவதற்கு முன்பே ‘போய்விட்டது’ என்று செயலி சொல்லிக்கொண்டிருந்தது. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் அதை நம்பி நடப்பவர் கதி என்ன?

“மார்னி, வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. இதுவும் உள்ள போகலன்னா விட்டுடுவேன். சத்தியமா சொல்றேன்” என்றார்.

“போகும். பஸ்ஸெல்லாம் சரியா வருதான்னு தானா பார்க்கிற சோதனையை முதல்ல எழுதுங்க, அப்புறம் திருத்துங்க” என்றேன்.

அன்றைக்கே எழுதி அனுப்பினார். திறந்து பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அவர் நிரல் எழுதும் எடிட்டர் எல்லாக் கோப்புகளின் இடைவெளிகளையும் தானாகவே ஒழுங்குபடுத்தியிருந்தது. நாலு வரித் திருத்தம், எது திருத்தம் என்றே தெரியாதபடி நாலாயிரம் வரியாக வந்து நின்றது.

எதிரே இருந்த ட்ரெவர் ரைமர் விழுந்து விழுந்து சிரித்தான். எங்களில் வேகமான கை அவனுடையது, வாயும்தான்.

“பல்பு மாத்தச் சொன்னா வீட்டுக்கே பெயின்ட் அடிச்சிருக்கீங்களே!” என்றவன், காபி ஆறுவதற்குள் தானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பிவிட்டான். “முடிஞ்சுது. மார்னி, ஓகே குடு.”

க்வென் மடிக்கணினியை மெல்ல மூடினார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

“அறிவிருக்கா உனக்கு? பச்சைச் சீட்டு கண்ணுக்குத் தெரியலையா?”

“செயலி பஸ் நேரத்தைத் தப்பா சொல்லுது மார்னி. யார் எழுதினா என்ன?”

“சரி. இன்னொருத்தர் படிக்கணும்கிறதுதானே சட்டம்? க்வென் படிப்பாங்க. உட்காருங்க க்வென்.”

“நானா?”

“நீங்கதான். உங்க சோதனையை இவன் திருத்தத்துமேல ஓட்டிப் பாருங்க.”

க்வென் கோட்டோடு உட்கார்ந்தார். நான் கையைத் தொடைக்கடியில் இன்னும் அழுத்தினேன். திரையில் நள்ளிரவு பஸ்ஸுக்குச் ‘சரி’ என்று பச்சை வந்தது. ட்ரெவர் புருவத்தை உயர்த்தினான். அடுத்த வரி சிவப்பு, ‘தவறு’.

“தம்பி, உன்னோடதுல காலையில வர்ற முதல் பஸ் காணாமப் போகுதே” என்றார் க்வென்.

ட்ரெவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தான்.

“அடச்சே! ஆமா” என்றான். தன்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டான். “அந்த எடிட்டர்ல தானா ஒழுங்குபடுத்துறதை எங்க நிறுத்தணும்னு காட்டுறேன், குடுங்க.”

“கை!” என்று கத்தினேன். அவனும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அவன் வாயால் சொல்ல, அவர் செய்தார். நாலாயிரம் வரி மறுபடி நாலாகி, சோதனையோடு உள்ளே போனது. ஓகே கொடுத்தது ட்ரெவர்தான். க்வென் திரையில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆளுக்கொரு டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

டோனட்டைக் கடித்துக்கொண்டே ட்ரெவர் அடுத்த பிழையைத் திறந்தான். அதன்மேலும் பச்சைச் சீட்டு இருந்தது. “இது ரெண்டு நிமிஷ வேலை க்வென், நீங்களே முடிச்சிருங்க.”

க்வென் அப்போதுதான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

“அதைத் தொட வேண்டாம் தம்பி. அது புதுசா வர்றவங்களுக்கு. எனக்குக் கஷ்டமானதா ஒண்ணு குடு.”