எட்டுக் கட்டுரைகள்

சகாயசெல்வி டீச்சரிடம் இங்கிலீஷ் படித்த பிள்ளை, பெயிலாவேன் என்று அடம்பிடித்தாலும் பாஸாகித்தான் தீரவேண்டும். மொத்தம் எட்டுக் கட்டுரைகள். வகுப்பே எழுந்து கைகட்டி நின்று, கமா வந்தால் மூச்சுவிட்டு, ஒரே குரலில் ஒப்பிக்கும். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல எவளாவது வாயெடுத்தால், "தப்பாப் பேசுறதுக்குப் பேசாம இரு" என்று உட்காரவைத்துவிடுவார். பன்னிரண்டு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அப்புறம் யார் குறைசொல்வது?

இரண்டாயிரத்து நான்கில் தமிழ்நிலா பிளஸ் டூ பரீட்சையில் இங்கிலீஷில் இருநூறுக்கு நூற்று எண்பத்தாறு வாங்கினாள். சித்தையன்கோட்டையில் அவள் தெருவிலிருந்து கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண். பிரேயரில் அவள் பெயரை வாசித்தபோது, டீச்சருக்குப் பெற்ற மகளின் பெயரைக் கேட்டது போல மனசு பூரித்துப்போனது.

டிசம்பரில் அவள் அப்பா பொம்மையன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா டீச்சர். இனிமே போகமாட்டாளாம். என்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா. திங்கக்கெழம பரீட்சை. நீங்க சொன்னா கேப்பா."

சனிக்கிழமையே டீச்சர் சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினார். தமிழ்நிலா பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கச்சி, பிளஸ் ஒன், இப்போது டீச்சரின் வகுப்பில்தான் படிக்கிறாள். பெண்ணைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று, என்னம்மா நடந்தது என்று டீச்சர் இங்கிலீஷில் கேட்டார்.

தமிழ்நிலா எழுந்தாள். கைகட்டினாள். 'மை எய்ம் இன் லைப்' கட்டுரையை முதல் வரியிலிருந்து ஒப்பித்தாள். கமாவில் மூச்சுவிட்டாள். தான் இன்ஜினியராக ஆசைப்படுவதாகச் சொல்லும் வரி வந்ததும் அழுதுவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அம்புட்டுத்தான் டீச்சர். கிளாஸ்ல எந்திரிச்சு டவுட் கேக்கணும்னு இருக்கும். தப்பாயிருமேன்னு உக்காந்துக்குவேன். ஹாஸ்டல் ரூம்ல மத்த மூணும் வடநாட்டுப் புள்ளைக. காய்ச்சல் வந்தப்பக்கூட அதுககிட்ட சொல்லல. நாலு மாசமாப் பேசாமத்தான் இருந்தேன்."

இரண்டு வருடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண். இவள் சொந்தமாகப் பேசிய ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார் டீச்சர். ஒன்றுகூட இல்லை. ஒன்றைக்கூட அவர் பேசவிட்டதில்லை.

"நான் கூட வாரேன். ஒங்க சார்கிட்டப் பேசுறேன். லீவுல தெனமும் சொல்லித்தாரேன். போயிரும்மா." கெஞ்சிப் பழக்கமில்லாத குரல் தடுமாறியது.

தமிழ்நிலா மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"இனி என்னால ஏலாது டீச்சர். இவளையாச்சும் தப்பாப் பேச விடுங்க."

டீச்சர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். அவள் எழுந்து கைகட்டி நின்றாள்.

"தப்பாச் சொல்லும்மா. பரவால்ல, தப்பாவே சொல்லு."

அந்தப் பெண் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.