தாமரையின் பெயரில்

கிள்ளானில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில் நான்கு டயட்டீஷியன்கள் இருந்தார்கள். இப்போது லோகேஸ்வரி மட்டும். கடைசியாக வேலையை விட்டவள் தாமரை. இரண்டு மாதம் ஆகிறது.

காலையில் சிறுநீரக வார்டில், லோகேஸ்வரி நோயாளி பக்கிரிசாமியின் குறிப்பைக் கணினியில் திறந்தாள். நேற்று மாலை 4.10. ‘உணவுக் கட்டுப்பாடு விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார்.’ கீழே தாமரையின் பெயர்.

பக்கிரிசாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நேத்து சாப்பாடு பத்திப் பேச யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரல மிஸ்ஸி. ஏன், பழமும் கூடாதா?”

“கூடாது. உங்க கிட்னிக்கு ஆகாது.”

“அப்ப நீங்க சாப்பிடுங்க. ஆளே காஞ்சு போயிருக்கீங்க.”

படிக்கட்டில் நின்று தாமரையைப் போனில் அழைத்தாள். தாமரை இப்போது சுபாங் ஜெயாவில் இன்சூரன்ஸ் விற்கிறாள்.

“நேத்து நாலு மணிக்கு எங்க இருந்த?”

“என்னடி, போலீஸ் மாதிரி கேக்குற?”

“உன் பேர்ல இங்க குறிப்பு எழுதுறாங்க. பாஸ்வர்ட யார்கிட்ட கொடுத்த?”



“ஜெயராஜ்கிட்ட. எல்லாரும் கொடுத்துட்டுத்தானே போனோம். நீ காய்ச்சல்ல படுத்தப்ப நீயும் கொடுத்தல்ல?”

கொடுத்திருந்தாள். அந்த மூன்று காய்ச்சல் நாட்களைக் கணினியில் தேடிப் பார்த்தாள். அவள் பெயரில் ஏழு குறிப்புகள். ஏழு நோயாளிகளும் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அவள் போய்க் கேட்டபோது பிரிவுத் தலைவர் ஜெயராஜ் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டாக்டர் அனுப்பின ஆள இருபத்துநாலு மணி நேரத்துல பார்க்கணும். அடுத்த வாரம் ஆடிட். நீ எம்.சி.ல, காய்ச்சல் லீவுல இருந்தே. உன்னைத்தான் காப்பாத்தினேன் லா.”

“நான் அவங்களப் பார்க்கல பாஸ். ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆனா என் லைசென்ஸ்தான் போகும்.”

“பார்த்திருந்தாலும் அதையேதானே எழுதியிருப்பே?”

அதையேதான் எழுதியிருப்பாள். முந்தைய குறிப்பை நகலெடுத்து எண்களை மாற்றுவது எல்லோரும் செய்வதுதான்.

இருக்கைக்குத் திரும்பிப் பாஸ்வர்டை மாற்றினாள். அன்றைக்குப் பதினோரு பேர். ஐந்து மணிக்குள் ஆறு பேரைப் பார்த்தாள். மீதி ஐந்து பேரின் பக்கங்களிலும் எழுதினாள்: ‘பார்க்க முடியவில்லை. ஆள் இல்லை.’ தன் பெயரைப் போட்டாள்.

பிறகு காய்ச்சல் நாட்களின் முதல் குறிப்பைத் திறந்து அதன் அடியில் எழுதினாள்: ‘இதை எழுதியது நான் அல்ல. அன்று நான் விடுப்பில் இருந்தேன்.’

இரண்டாவது. மூன்றாவது.

ஜெயராஜின் அறைக் கதவு திறந்தது. “லோகேஸ், என்னம்மா எழுதுற?”

நான்காவதைத் திறந்தாள்.