யாக்கோபு நின்ற சென்றி

அம்பிகையின் கை எவர்சில்வர் தம்ளர்களுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு அவற்றைத் தாண்டி அலுமாரியின் உள்மூலைக்குப் போய், பேப்பர் கப் ஒன்றை உருவி எடுத்தது. கொரோனாக் காலத்தில் அந்த வீட்டுக்கு வந்த கப்புகள் அவை. கொரோனா போய்விட்டது, கப்புகள் போகவில்லை. எல்லா விருந்தாளிக்கும் அவை வெளியே வருவதுமில்லை. இன்னாருக்கு மட்டும்தான் வரும் என்பது அம்பிகைக்குத் தெரியும், அந்த இன்னாருக்கும் தெரியும்.

அந்த இன்னார் வரவேற்பறையில் கதிரை நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பெயர் யாக்கோபு, வயது எழுபதை நெருங்குகிறது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எதிரே சோபாவில் சாய்ந்திருந்தவர் ஞானசேகரம், இத்தாலியின் பலேர்மோ நகரத் தமிழர் சங்கமொன்றின் உபதலைவர். ஒரே ஊர்க்காரர்கள்தான். ஆனால் ஊரில் ஞானசேகரத்தின் ஆட்களுக்குப் பனைகள் சொந்தம், யாக்கோபுவின் ஆட்கள் அந்தப் பனைகளில் ஏறிக் கள்ளிறக்கினவர்கள். கடல் கடந்து வந்தும் இந்தக் கணக்கை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்க வரேல்லை" என்றார் யாக்கோபு. "ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை எழும்பி, இவர் என்னோடை சென்றியிலை நிண்டவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது போதும்."

சென்றி என்பது இலங்கையில் போர்க்காலத்தில் ஊர்க்காவல் அணி இரவிரவாகக் காவல் நின்ற இடம். நேவிப் படகு வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு விசிலும் எல்லாருக்குமாக ஒரு பழைய துவக்குமாக நின்றார்கள். அப்படி நின்று வயதாகிப்போனவர்களுக்குச் சங்கம் மாதாமாதம் ஓர் உதவிப்பணம் கொடுக்கிறது. ஒரேயொரு விதிதான். கூட நின்றவர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து வாயால் சாட்சி சொல்ல வேண்டும். யாக்கோபு நின்ற சென்றியில் நின்றவர்களில் உயிரோடு இருப்பது இவரும் ஞானசேகரமும் மட்டும்தான்.

யாக்கோபுவுக்கு இத்தாலி அரசாங்கம் பென்சன் கொடுக்காது. கோடை முழுக்க மொண்டெல்லோக் கடற்கரை உணவகங்களில் கோப்பை கழுவினார், மாரியில் மாடிப்படி துடைத்தார். எந்த முதலாளியும் அவரைப் பதிந்து வேலைக்கு வைக்கவில்லை. இப்போது முழங்கால் கைவிட்டுவிட்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் மகள் செலஸ்ரீனாவின் ஒற்றை அறையில், அவளுடைய பிள்ளைகளின் படுக்கைக்கும் குசினிக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருக்கிறார். அவள் இத்தாலியச் சின்யோராக்களின் வீடு துடைத்துக் கொண்டுவருவதில் தானும் ஒரு வாய் சாப்பிடுவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞானசேகரம் செருமினார். "யாக்கோபு, நீர் நிண்டது எனக்குத் தெரியாதே? ஆனா இப்ப நேரம் சரியில்லை. எங்கடை மகள் ஜெனனிக்கு லண்டனிலை கலியாணம் பேசியிருக்கு. சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாறார். அவருக்கு எங்கடை பக்கத்து ஊர்."

"அதுக்கென்ன தம்பி?"

"உம்மடை சென்றிக்குச் சாப்பாடு எங்கையிருந்து வந்தது எண்டு அந்தப் பக்கத்திலை ஆருக்குத் தெரியாது?"

அந்தச் சென்றிக்குச் சோறு யாக்கோபுவின் குசினியிலிருந்துதான் போனது. மனைவி சூசையம்மா ஒரே பானையில் வடித்ததை எல்லாரும் சுற்றியிருந்து தின்றார்கள். நேவிக்காரன் அடித்த செல் குண்டு ஒன்று ஞானசேகரத்தின் தொடையைக் கிழித்த இரவில், யாக்கோபுதான் அவரை முதுகில் போட்டுப் பனங்கூடலுக்குள்ளால் ஓடினார். ரோட்டெல்லாம் மறித்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. காயம் ஆறும்வரை ஞானசேகரம் படுத்துக் கிடந்தது யாக்கோபுவின் பாயில், குடித்தது சூசையம்மா காய்ச்சிய கஞ்சி. அப்போது அவர் வாயில் "அண்ணை, நீங்கள்" என்றுதான் வந்தது. கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு அண்ணை "யாக்கோபு" ஆனார், நீங்கள் "நீர்" ஆனது. கஞ்சி செமித்துவிட்டதல்லவா!

அம்பிகை பேப்பர் கப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கணவனுக்குத் தம்ளரைக் கையில் கொடுத்தாள்.

"நான் ஒண்டு சொல்லுறன்" என்று ஞானசேகரம் குரலைத் தாழ்த்தினார். "சங்கம் தாற காசை மாசா மாசம் நானே உமக்குத் தாறன். கூட்டத்திலை ஒண்டும் கேளாதையும். உமக்குக் காசுதானே வேணும்?"

"இல்லைத் தம்பி. அது நான் நிண்டதுக்கான காசு. நீங்கள் தாறது நான் வாய் மூடியிருக்கிறதுக்கான காசு" என்று யாக்கோபு எழுந்தார். தேநீர் தொடாமல் ஆறிக் கிடந்தது. அவர் படியிறங்கிய பிறகு அம்பிகை அதை ஊற்றிவிட்டு, கப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகை மண்டபம். முன்வரிசையில் லண்டன் சம்பந்தி, கழுத்தில் சங்கம் போட்ட பொன்னாடையோடு வீற்றிருந்தார். மேடையில் ஞானசேகரம் வருடா வருடம் சொல்லும் கதையைச் சொன்னார். செல் விழுந்ததாம், தொடை கிழிந்ததாம், தன்னந்தனியாக இழுத்து இழுத்துப் போய் உயிர் தப்பினாராம். அந்தக் கதையில் யாக்கோபு ஒரு வருடமும் இருந்ததில்லை. சனம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்த யாக்கோபுவும் வழக்கம்போலத் தட்டினார்.

பிறகு தலைவர் உமாசுதன் உதவிப்பண விசயத்துக்கு வந்தார். அவர் ஊரைவிட்டு வரும்போது பால்குடி. போர் பற்றிக் கதைக்கும்போது மட்டும் குரலைத் தடிப்பாக்கிக்கொள்வார். "யாக்கோபு எண்டவர் கேட்டிருக்கிறார். இவரோடை நிண்ட ஆராவது எழும்பிச் சொல்லுங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. ஞானசேகரம் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சாட்சி இல்லையெண்டால் நாங்கள் ஒண்டும் செய்யேலாது, ஐயா."

யாக்கோபு எழுந்தார். "தலைவர் தம்பி, ஞானசேகரத்தாருக்கு நீங்கள் இந்தக் காசு குடுக்கத் தொடங்கேக்கை சாட்சி சொன்னது ஆர்?"

உமாசுதன் யோசித்தார். "நீங்கள்தான்."

"ஓம், நான்தான். அப்ப எனக்குக் கை கால் ஓடினது, காசு தேவைப்படேல்லை. அவருக்காக எழும்பி, என்ரை சென்றியிலை நிண்டவர், செல் பட்டவர் எண்டு சொன்னனான். நீங்களும் நம்பினனீங்கள். நான் சென்றியிலை நிக்கேல்லை எண்டால் அவர் நிண்டதை எப்பிடிக் கண்டனான்? நான் நிக்கேல்லை எண்டால் அந்தச் சாட்சியும் பொய். ரெண்டிலை ஒண்டை அவர்தான் சொல்லட்டும்."

மண்டபம் முழுக்க ஞானசேகரத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருடைய காசும் தொடர்ந்து வரும், கிழவனுக்கும் ஒரு வழி பிறக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "அப்ப நீங்களும் யாக்கோபு வீட்டுச் சென்றியிலையோ நிண்டனீங்கள்?"

அந்தக் கேள்வியில் செல் இல்லை, காயம் இல்லை. பானை மட்டும்தான் இருந்தது. ஞானசேகரத்துக்கும் அந்தப் பானைதான் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"சீச்சீ, இல்லை" என்றார். "நான் ஒரு சென்றியிலையும் நிக்கேல்லை."

சனம் வாயைப் பிளந்தது. இப்படியும் ஒரு மனிதன்! இத்தனை வருடம் மேடை மேடையாக விற்ற வீரத்தை, வாங்கின பணத்தை, தன் சதையில் பட்ட செல்லைக்கூட ஒரு மூச்சில் துப்பிவிட்டார். சூசையம்மாவின் கஞ்சியைக் குடித்தேன் என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. பொய்யனாக இருந்தால் பெண்ணுக்குக் கலியாணம் நடக்கும். அந்தக் கஞ்சியைக் குடித்தவனாக இருந்தால் நடக்காது. இதற்குப் பெயர் கௌரவம் என்று வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அந்தக் காயம்?" என்றார் உமாசுதன், தடித்த குரல் எங்கோ போய்.

"அது... அது மரத்தாலை விழுந்தது."

"என்ன மரத்தாலை?"

அவருடைய ஊரில் வேறென்ன மரம் இருந்தது? பயந்தவன் வாயில் முதலில் தட்டுப்பட்டதுதான் வரும். "பனையாலை" என்றுவிட்டார்.

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு அங்குமிங்கும் சிரிப்பு வெடித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. போரில் நின்றதாகப் பொய் சொன்னதும், சங்கத்தை ஏமாற்றியதும் அவரை அசைக்கவில்லை. இப்போதுதான் அவர் முகம் கறுத்தது. "பனையோ? உங்கடை வீட்டிலை பனை ஏறுறவையோ?"

யாக்கோபுதான் பதில் சொன்னார்.

"இல்லை ஐயா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. இவை ஏறாயினம். ஏறினது எங்கடை ஆக்கள். என்ரை அப்பு சாகுமட்டும் ஏறினவர். ஒருநாளும் விழேல்லை."

உதவிப்பணம் இனி வரப்போவதில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. அன்றிரவும் குசினிப் பக்கம்தான் படுக்கை. ஆனாலும் அவர் நேரே வாசலுக்குப் போகவில்லை. தேநீர் மேசைக்குப் போனார். அங்கே அம்பிகை சங்கத்து எவர்சில்வர் தம்ளர்களை ஒரு பக்கமும், தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேப்பர் கப்புகளை ஓரமாகவும் அடுக்கி வைத்திருந்தாள். யாக்கோபு ஒரு தம்ளரை எடுத்தார். தானே தேநீர் ஊற்றி, வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை ஆறுதலாகக் குடித்தார். பக்கத்து வாளியில் அலசி, துணியால் துடைத்து, மற்றத் தம்ளர்களுக்கு நடுவில் வைத்தார். உணவகங்களில் பழகிய கை, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

"வாறன் பிள்ளை" என்று அம்பிகையிடம் சொல்லிவிட்டு நொண்டி நொண்டி வெளியே போனார்.

அம்பிகை தம்ளர்களை உற்று உற்றுப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி மினுங்கின. அதில் யாக்கோபு குடித்தது எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் லண்டன் சம்பந்தி உட்பட எல்லாருக்கும் பேப்பர் கப்பில்தான் தேநீர்.