பாதியாக வற்றிய தண்ணீர்

சுவரில் ஆணி அடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனாலும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சுத்தியலைக் கையில் எடுத்தால், அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கும் போனாள். சமையலறையில் கரண்டி மாட்ட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் வேலை. எத்தனை ஆணி அடித்தாலும் வளைத்துத் துப்புகிற பழைய வீட்டுச் சுவர், அன்று மட்டும் அவருக்கு மரியாதை கொடுத்தது. ஆணி வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கியது. நம் கைக்கும் ஒரு ராசி வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போன அதே நேரத்தில், சுவர் அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது.

வேறு யாராக இருந்தாலும் ஆணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வால்வை மூடியிருப்பார்கள். நம்மவர் ஆணியைப் பிடுங்கினார்.

பிளம்பர் வந்து சேர்வதற்குள் அரிசி டப்பா, அடுப்பு, கடைக்காரரின் தன்மானம் எல்லாமே நனைந்திருந்தன. பிளம்பர் சுவரைக் கொஞ்சம் உடைத்து, உள்ளே இருந்த சாம்பல் நிறக் குழாயை ஒரு நாணயத்தால் சுரண்டினார். சுரண்டிய இடம் புது வெள்ளி மாதிரி பளபளத்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை.

"சார், இது காரீயக் குழாய். அந்தக் காலத்துல போட்டது. அதான் ஆணி இவ்வளவு சுலபமா இறங்கியிருக்கு. இரும்பா இருந்தா உங்க அடிக்கெல்லாம் அசையாது."

வீட்டை விற்றவர், கட்டின நாளிலிருந்து குழாயில் ஒரு ரிப்பேர் கிடையாது என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பாவம், பொய் சொல்லவில்லை. குழாயை யாரும் தொடவே இல்லை.

காரீயம் தண்ணீரில் கரையும், அது குழந்தைகளின் மூளைக்கு ஆகாது என்று எங்கேயோ படித்தது கடைக்காரருக்கு அரைகுறையாக ஞாபகம் வந்தது. மகளுக்கு ஒன்றரை வயது. இந்த வீட்டில்தான் பிறந்தாள். அவர் பிளம்பரிடம், குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டார். பிளம்பர், இதே மாதிரி குழாயில் தண்ணீர் குடித்துத் தொண்ணூறு வயது வரை இருந்த தன் பெரியப்பாவின் கதையைச் சொன்னார். கடைசியில் அவர் மரத்திலிருந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்தாராம். தொண்ணூறு வயதில் அவருக்கு மரத்தின் மேல் என்ன வேலை என்று கேட்டதும், பிளம்பர் அடுத்த செங்கல்லைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டார்.

குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எங்கள் தொட்டியிலிருந்து கிளம்புகிற தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்றார்கள். வந்து சேருகிற தண்ணீர் எப்படி என்று கேட்டார். அது உங்கள் குழாய் சார் என்றார்கள். ஆனாலும் நல்ல மனிதர்கள்; பரிசோதனைக்கு ஒரு பாட்டிலை ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீர் வேண்டும், காலையில் திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைப் பிடியுங்கள் என்றார்கள். அதில்தான் காரீயம் அதிகமாக ஊறி இருக்குமாம்.

 காலையில் வருகிற முதல் தண்ணீரைத்தான் கடைக்காரர் தினமும் பிடிப்பார்.

இந்த இடத்தில் அவருடைய தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மகள் பிறந்ததும், இனி இந்த வீட்டில் குடிதண்ணீர் என் பொறுப்பு என்று அறிவித்தவர் அவர். ஊர் எழுந்திருக்கும் முன் எழுந்து பெரிய பாத்திரத்தில் பிடித்து அடுப்பில் ஏற்றுவார். மற்றவர்கள் கொதி வந்ததும் இறக்கிவிடுவார்கள். அவர் பாத்திரம் பாதியாக வற்றும் வரை விடமாட்டார். கிருமியின் பேரப்பிள்ளைகள் கூடத் தப்பக் கூடாது என்பது அவர் கொள்கை. வடிகட்டி, ஆற வைத்து, மூடி போட்டு, "அப்பா தண்ணி" என்று மகளிடம் காட்டி, தானும் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். கடைக்கு வருகிறவர்களிடமும் இந்தப் பெருமை நடக்கும். கண் சோதனைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டவர்கள் தப்பித்து ஓட முடியாதல்லவா.

அவருடைய கடையில் கண்ணாடி வாங்கியவர்தான் குழந்தைகள் டாக்டரம்மா. "இந்த லென்ஸ் தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டால், ரெண்டும் பரவாயில்லை என்பவர். அவரிடமே ஓடினார். காய்ச்சின விவரத்தை எல்லாம் கொட்டினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும் சார். காரீயம் எங்கேயும் போகாது. தண்ணி வத்த வத்த மிச்சத் தண்ணில அது இன்னும் அதிகமாத்தான் ஆகும்."

"அப்போ நான் இத்தனை நாளா..."

"மொதல்ல மூணு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்," என்றார் டாக்டரம்மா. பாப்பாவுக்குக் கெடுதல் ஆகியிருக்குமா என்று கேட்டதற்கு, ரிசல்ட் வரட்டும் என்றார். ஆகியிருக்காது இல்லையா என்று வேறு பக்கமாகக் கேட்டுப் பார்த்தார். ரிசல்ட் வரட்டும்.

வருகிற வரை மனிதர் சும்மா இருக்கவில்லை. ஒரு நாணயமும் காந்தமுமாகத் தெருவில் இறங்கினார். பழைய வீடுகளில் எல்லாம் புகுந்து குழாயைச் சுரண்டினார். மூன்று வீட்டில் பளபளத்தது. ஒரு வீட்டில் பெயிண்ட் போனதுதான் மிச்சம். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை அவரிடம் பேசுவதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் வாசலிலேயே மறித்து, தன் வீடு புதிது, குழாய் மொத்தமும் பிளாஸ்டிக், உங்கள் நாணயத்தை மிச்சம் பிடியுங்கள் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக இருந்தது.

வீட்டில் மனைவியோ பிடியே கொடுக்கவில்லை. அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சில்லறையோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற பழக்கம். பாப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாள் என்று கேட்டார். குழந்தை என்றால் குடிக்கும்தான் என்றாள். நம்ம தண்ணீர் எத்தனை டம்ளர் என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். போய்ப் பார்த்தால் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. பாப்பா நிறையக் குடித்திருக்கிறாள். சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று இவள் மறைக்கிறாள். அன்றைக்கு முழுக்க மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தலைகீழாக மாட்டிக்கொண்டு சிரித்தாள். பார்வை சரியாக இருக்கிறதா, புத்தி சரியாக இருக்கிறதா என்று அவர் அவளை ஆராய்ந்தார். அவள் அவரை ஆராய்ந்தாள். ஆராய்ச்சியில் அவள்தான் முந்தினாள், சட்டைப் பொத்தான் ஒன்று அவள் கையோடு வந்தது.

இதற்கிடையில், பாட்டில் தண்ணீரில் காரீயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று குடிநீர் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பிளம்பர் வீட்டுக்குள் மட்டுமல்ல, தெருக் குழாய் வரைக்கும் தோண்டி மொத்தத்தையும் பிளாஸ்டிக்காக மாற்றினார். பாதியை மட்டும் மாற்றினால் மிச்சக் குழாய் அசைந்து காரீயம் இன்னும் உதிரும் என்று அவரே சொன்னார். பெரியப்பா கதை இல்லாமல் அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

ரத்த ரிசல்ட் வந்த அன்று மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா தாளைப் புரட்டினார். குழந்தைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அம்மாவுக்கும் இல்லை என்றார்.  கடைக்காரர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"ஆனா உங்களுக்குத்தான் சார் கொஞ்சம் ஏறியிருக்கு. மருந்து தேவைப்படாது. அந்தத் தண்ணிய விட்டுட்டீங்க இல்ல, தானா இறங்கிடும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

"ஒரே வீடு, ஒரே பாத்திரம். எனக்கு மட்டும் எப்படி டாக்டர்?"

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் மாட்டியிருந்த பால் பல் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தாள். அதை வீட்டுல கேட்டுக்கோங்க என்று டாக்டரம்மா அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே ஆட்டோ நின்றது. மனைவி ஏறி உட்கார்ந்தாள். கடைக்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையிலேயே நின்றார். பதில் வராமல் ஏறப்போவதில்லை என்றார். ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

"பாப்பாவுக்கு என் தண்ணியக் குடுத்தியா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லு."

மனைவி ஆட்டோக்காரரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்லங்க. ஒரு சொட்டு கூடக் குடுக்கல. மாசமா இருந்தப்பவே இந்தக் குழாய்த் தண்ணி எனக்குக் குமட்டுச்சு, அப்போலேர்ந்தே எதிர்வீட்டு அக்காகிட்ட ரெண்டு குடம் வாங்கிட்டு இருக்கேன். சமையலுக்கும் அதுதான். நீங்க காய்ச்சினதுல நீங்க குடிச்சது போக மிச்சத்த வெச்சுப் பாத்திரம் கழுவுவேன்."

"தினமுமா?"

"தினமும். நீங்க அவ்வளவு ஆசையா எழுந்து காய்ச்சுறீங்க. எப்படிச் சொல்றது?"

கடைக்காரருக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தோளில் இருந்த மகள் குலுங்கினாள், அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"காய்ச்சின பிறகுமா நல்லா இல்ல? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"ஆமாங்க," என்றாள் மனைவி. "சகிக்கல."